காமிக் கானுக்குக் கத்தி கொண்டு போகலாமா? பேனாக்கத்தி முதல் ஃபோம் வாள் வரை

சென்னை வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் காமிக்ஸ், திரைப்பட ரசிகர்கள் கூடும் விழாவான காமிக் கான் முதல் முறையாக நடந்த பிறகு, வேஷம் கட்டிக்கொண்டு போக நமக்கும் பக்கத்திலேயே ஓர் இடம் கிடைத்துவிட்டது. லண்டன் எக்ஸெல் அரங்கத்து எம்.சி.எம்., அமெரிக்காவின் சான் டியேகோ என்று வெளிநாட்டுக் கான்களுக்குப் போகும் நம்மவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து கேட்டாலும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்விகள். "எப்போதும் பையில் ஒரு சின்னப் பேனாக்கத்தி வைத்திருப்பேன், அதை என்ன செய்வது?" என்பது ஒன்று. "என் கதாபாத்திரத்துக்கு வாள் வேண்டும், நிஜ வாளா, கட்டையா, ஃபோமா, 3டி பிரிண்டா?" என்பது இன்னொன்று.

இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். ஏனென்றால் இரண்டிலும் முடிவெடுப்பவர் உங்களை முன்பின் தெரியாத ஒருவர். வாசலில் நிற்கும் பாதுகாப்பு ஊழியருக்கு நீங்கள் நல்லவர் என்பது தெரிய வழியில்லை. உங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது. உங்கள் பையைப் பார்க்க அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்தச் சில நொடியில் சந்தேகம் கிளப்பாத பொருள்தான் நல்ல தேர்வு. அழகு, விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அந்த ஊர்ச் சட்டம். அடுத்து நிகழ்ச்சியின் விதி. இவை இரண்டும் வேறு வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சட்டம் அனுமதிக்கும் கத்தியையும் அரங்கத்துக்குள் விடமாட்டேன் என்று சொல்ல அமைப்பாளருக்கு முழு உரிமை உண்டு. "இது சட்டப்படி சரிதான்" என்று வாசலில் வாதாடி உள்ளே போக முடியாது.

மூன்றாவது, வழிப்பயணம். வீட்டிலிருந்து அரங்கம் வரைக்கும் மெட்ரோ, விமானம், தெரு எல்லாம் இருக்கிறது. அங்கே உங்களைப் பார்ப்பவர்களுக்கு இன்று கான் நடக்கிறது என்பதே தெரியாது. நான்காவது, கூட்டம். சான் டியேகோவுக்கு 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். தோளோடு தோள் இடிக்கும் இடத்தில் முதுகில் மாட்டிய வாள் திரும்பும்போது யார் முகத்தில் படும் என்று உங்களுக்கே தெரியாது. குழந்தைகளின் கண் உங்கள் இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது. கடைசியாகத்தான் பணம், எடை, படத்தில் எப்படித் தெரியும் என்பதெல்லாம்.

## பையில் இருக்கும் பேனாக்கத்தி

ஊருக்கு ஊர் சட்டம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

பிரிட்டனில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆவது பிரிவு, 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத அலகு கொண்ட மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்க விடுகிறது. ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகையில் வராது. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேலைக்குப் பயன்படும் பல மல்டி டூல்களில் (பல கருவிகள் ஒன்றாக மடங்கும் கருவி) அலகு பூட்டிக்கொள்ளும். சின்னதுதானே என்று பையில் போட்டுக்கொண்டு தக்க காரணம் இல்லாமல் நடந்தாலே குற்றம். அதிகபட்சம் நான்கு ஆண்டு சிறை.

கலிஃபோர்னியாவில் மடித்த கத்தி சட்டைப் பையில் இருந்தால் மாநிலச் சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. மடங்காத கத்தியை மறைத்து வைப்பது குற்றம். உறையில் போட்டு இடுப்பில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டால் அது மறைத்ததாகாது. ஆக, பூட்ஸுக்குள் குத்துவாள் செருகிய கதாபாத்திரமாக நிஜக் கத்தியோடு வேஷம் கட்டுபவர், இடுப்பில் தொங்கவிட்டவரைவிடப் பெரிய சிக்கலில் இருக்கிறார். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்குள் வந்துவிட்டால் நகர விதி இன்னும் கடுமை: 3 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகை வெளிப்படையாகக் கொண்டு திரிவதற்கும் தடை உண்டு. ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது. அதைவிடச் சின்னதை ஒளித்து வைத்திருந்தாலும் சிறு குற்றங்கள் சட்டத்தில் மாட்டலாம்.

இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவை விலக்கு. வாளும் குத்துவாளும் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கு உரிமம் வேண்டுமா என்பது அந்தப் பகுதிக்கு அரசு வெளியிட்ட அறிவிக்கையைப் பொறுத்தது. சின்னப் பேனாக்கத்தி இந்த அளவுக்குள் வராதுதான். ஆனால் பையை ஸ்கேனரில் வைத்துத்தான் மெட்ரோவில் ஏற வேண்டும். திரையில் அலகு தெரிந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

சரி, என்னென்ன வழி இருக்கிறது?

கொண்டே போவது. சட்டமும் நிகழ்ச்சி விதியும் இரண்டும் ஒப்புக்கொண்டால் மட்டும். கான் நாளில் இதற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை. "தற்காப்புக்கு" என்று காவலரிடம் சொல்வது இருப்பதிலேயே மோசமான பதில். பிரிட்டனில் பொதுவாக அது நல்ல காரணமாக எடுத்துக்கொள்ளப்படாது, பொருளை ஆயுதமாகவே வைத்திருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

வீட்டிலோ ஹோட்டல் அறையிலோ விட்டுப் போவது. செலவு இல்லை, கவலை இல்லை. மறதி மட்டும்தான் எதிரி. பை தைத்த நாளிலிருந்து உள்ளறையில் கிடக்கும் கத்தியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால் கானுக்குத் தினமும் தூக்கும் பையை எடுக்காமல் வேறு பையை எடுப்பது நல்லது. விமானத்தில் போகிறவர்கள் கத்தியைச் செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே போய்விடும்.

வாசலில் ஒப்படைப்பது. இதை நம்பிப் போகாதீர்கள். பொருள் காப்பகம் உள்ள இடங்களிலும் கத்தியை ஏற்க மறுப்பார்கள். குப்பைத் தொட்டியில் போடுவது அல்லது திரும்பிப் போவது என்ற இரண்டு வழிதான் மிஞ்சும். தாத்தா கொடுத்த கத்தியாக இருந்தால் மனம் என்ன பாடுபடும்!

கத்தி இல்லாத கருவி. உண்மையில் கானில் கத்தி எதற்குத் தேவைப்படுகிறது? பிய்ந்த நூலை அறுக்க, ஜிப் டையின் வாலை வெட்ட, டேப் கிழிக்க, ஸ்க்ரூ முடுக்க. இதற்கெல்லாம் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஊசி நூல், சேஃப்டி பின், இருபக்க டேப், ஃபெவிக்விக் போதும். அலகே இல்லாத மல்டி டூல்களையும் லெதர்மேன், விக்டோரினாக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்றிருக்கின்றன. அமெரிக்க விமானங்களில் இணைப்பாணியிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலைக் கைப்பையில் கொண்டுபோகலாம். சில கான்களில் கத்தரிக்கோலையும் கேள்வி கேட்பார்கள். அப்போது ஊசி நூல் டப்பாவோடு சேர்த்துக் காட்டினால் அது எதற்கு என்று விளக்கவே வேண்டாம்.

கிர்பான் என்ற சீக்கியர் குறுவாள் மட்டும் வேறு விஷயம். சீக்கியர் கிர்பான் அணிவதும் ஏந்துவதும் அவர்கள் சமய வழக்கத்தின் பகுதி என்று நம் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு விளக்கமே சொல்கிறது. பிரிட்டன் சட்டத்திலும் சமயக் காரணத்துக்கு இடமுண்டு. உங்கள் குழுவில் அப்படி ஒரு நண்பர் இருந்தால், வாசலில் போய் அவரைச் சங்கடத்தில் நிறுத்தாமல் அமைப்பாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

## இடுப்பில் தொங்கும் வாள்

அமெரிக்கக் கான்களில் நெடுங்கால வழக்கம் ஒன்று உண்டு. வாளை உறையோடு சேர்த்துப் பளிச்சென்ற நிறத்தில் ஜிப் டையோ நாடாவோ போட்டுக் கட்டி, உருவ முடியாமல் செய்துவிடுவார்கள். பீஸ் பாண்டிங் என்பார்கள். நிஜ வாளோடும் உள்ளே திரிய ஒரு காலத்தில் இது போதுமானதாக இருந்தது. இப்போது சான் டியேகோவில் வேலை செய்யும் ஆயுதம் எதற்கும் இடமில்லை. வேஷத்துக்கான போலி ஆயுதமும் சோதனை மேசையில் காட்டி, சோதித்ததற்கான அடையாள அட்டை கட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே போகும். வாள் உருவ முடியாதபடி உடையோடு பிணைந்திருக்க வேண்டும். அம்பு நிஜம் என்றால் முனையைக் கழற்றி, கட்டாகக் கட்டித் தூணியோடு இறுக்கியிருக்க வேண்டும்.

இந்த இறுக்கம் சும்மா வரவில்லை. 2017 மே மாதம் ஃபீனிக்ஸ் காமிக் கானில், நிஜத் துப்பாக்கிகளும் கத்திகளும் வைத்திருந்த ஒருவர் அரங்குக்குள்ளேயே கைதானார். வேஷக்காரர்கள் நடுவில் அவரும் ஒரு வேஷக்காரராகத்தான் தெரிந்திருப்பார். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே எல்லாப் போலி ஆயுதங்களுக்கும் தடை வந்தது. வாசலில் வரிசை நீண்டது. மாதக் கணக்கில் உட்கார்ந்து வாளும் கேடயமும் செய்தவர்கள் அவற்றை வெளியே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் நிற்கும் ஊழியர் நிலையில் நின்று பார்த்தால் வேறு வழியும் இல்லை.

| பொருள் | வாசல் சோதனை | கூட்டத்தில் | எடை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| உலோக வாள் | பெரும்பாலும் மறுப்பு | ஆபத்து | அதிகம் | சட்டச் சிக்கல், பயணம் |
| கட்டை | இடத்தைப் பொறுத்தது | அடி பலமாக விழும் | நடுத்தரம் | நீளம், உடைந்தால் சிலாம்பு |
| 3டி பிரிண்ட் | பெரும்பாலும் சரி | கூர்முனையைக் கவனிக்கணும் | நடுத்தரம் | தேய்ப்பு வேலை, வெயில், விரிசல் |
| ஃபோம் | எளிது | பாதுகாப்பு | மிகக் குறைவு | நேரம், பூச்சு, பசையின் நெடி |

### உலோகம்

"கூர் தீட்டவில்லை, அலங்கார வாள்தான்" என்பார்கள். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். சுவரில் மாட்டுவதற்கென்று விற்கும் மலிவு வாள்கள் பலவற்றில் அலகு கைப்பிடிக்குள் முழுதாக இறங்கியிருக்காது. பின்பக்கம் பற்றவைத்த மெல்லிய திருகுக் கம்பி ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கும். படத்துக்காக வேகமாக ஒரு வீச்சு வீசினால் அலகு தனியே கழன்று பறக்கலாம். கூர் இல்லாவிட்டால் என்ன, ஒரு எஃகுப் பட்டை பறக்கிறது. மழுங்கல் உலோகத்துக்கும் பல கான்கள் தடை போடுவது இதனால்தான்.

சட்டமும் இதற்குத்தான் அதிகம். பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் 2008-இலேயே தடை வந்துவிட்டது, மரபு முறையில் கையால் செய்தவை போன்ற சில விலக்குகளோடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிஞ்சா வாள்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் தடை. இங்கே ஆன்லைனில் வாங்கிய கட்டானாவை (ஜப்பானிய வளைந்த வாள்) பெட்டியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.

உலோகம் சிறந்த தேர்வாகும் இடமும் உண்டு. கூட்டம் இல்லாத தனி இடத்தில், உரிமையாளர் அனுமதியோடு எடுக்கும் புகைப்படங்களுக்கு உலோகத்தின் பளபளப்புக்கு ஈடில்லை. அப்புறம் மேடை நிகழ்ச்சி. சிலம்பம், சுருள்வாள் பயின்றவர்கள் செய்துகாட்டுவதாக இருந்தால், அமைப்பாளரோடு எழுத்தில் பேசி, மேடைக்கு நேரே கொண்டுவந்து நேரே திருப்பிக் கொண்டுபோகும் ஏற்பாடு செய்யலாம். அரங்குக் கடையில் வாள் வாங்கினாலும் இதே முறைதான்: பெட்டியைப் பிரிக்காமல் அறைக்குக் கொண்டு போய்விட வேண்டும்.

### கட்டை

தச்சர் ஒருவர் தெரிந்திருந்தால் மலிவாகவும் அழகாகவும் முடியும். ஆனால் பயிற்சிக் கட்டை வாளால் எலும்பை உடைக்க முடியும் என்பதைச் சோதனை செய்பவரும் அறிவார். கதாபாத்திரத்துக்குக் கைத்தடியோ மந்திரக்கோலோ தேவை என்றால் கட்டை சரி. நீள வாளுக்கு வேண்டாம்.

### 3டி பிரிண்ட்

நுணுக்கமான கைப்பிடி, மந்திரக்கல் பதித்த குமிழ், எழுத்து பொறித்த உறை என்றால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. சொந்தமாக இயந்திரம் இல்லாதவர்களுக்குக் கிராம் கணக்கில் அச்சடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. அவர்கள் சொல்லும் விலை பாதிச் செலவுதான். துண்டு துண்டாக வரும் பாகங்களை ஒட்டி, புட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்க்க ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலும் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டும். அங்கே வைத்த வாள் வில்லாக வளைந்து வரும். கீழே விழுந்தால் விரியும்; விரிந்த விளிம்பு தோலைக் கிழிக்கும். அதனால் கைப்பிடியையும் அணிகலனையும் அச்சடித்து, அலகை ஃபோமில் செய்யும் கலப்பு முறையை நான் பரிந்துரைக்கிறேன்.

### ஃபோம்

ஈவா ஃபோம் என்பது குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடுகிற பாய் செய்யும் அதே பொருள். சில நூறு ரூபாய்க்குள் வாளுக்கான தாள் கிடைத்துவிடும். வெட்டி, ஹீட் கன்னால் சூடாக்கினால் மேல்துளைகள் மூடி வழவழப்பாகும், வளைக்கவும் முடியும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். வகை ரப்பர் பசை. அதன் நெடி தலையைச் சுற்ற வைக்கும், மொட்டை மாடியிலோ ஜன்னல் திறந்த அறையிலோ வைத்துத்தான் ஒட்ட வேண்டும். பூசாமல் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் உறிஞ்சிக்கொள்ளும், மடக்கினால் வெடிக்கும். வளையும் பூச்சு ஒன்றை இரண்டு மூன்று கோட் அடித்துக் காயவிட்டு, அப்புறம்தான் வெள்ளி நிறம். வியாழக்கிழமை ஆரம்பித்துச் சனிக்கிழமை கானுக்குப் போக நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

நீள வாள் தொங்காமல் இருக்க உள்ளே ஒரு தண்டு வேண்டும். இங்கேதான் பலர் இரும்புக் கம்பியை நுழைத்து விடுகிறார்கள். சோதனையில் கையால் அமுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபோம் என்று சொல்லிவிட்டு உள்ளே இரும்பு இருந்தால் உங்கள் பேச்சை அதற்குமேல் சோதனை செய்பவர் நம்பமாட்டார். மெல்லிய பி.வி.சி. குழாய் போதும், அதுவும் முனைக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட வேண்டும். கூட்டத்தில் இடித்தால் முனை மடங்கிக்கொள்ளும், யாருக்கும் காயமில்லை. நாள் முழுக்கத் தூக்கி நடந்தாலும் கை வலிக்காது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோக வாளை மாலை வரை இடுப்பில் சுமந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

## துப்பாக்கியைத் தனியாகப் பேச வேண்டும்

வாளைப் பார்த்ததும் சுடுவது அபூர்வம். துப்பாக்கி அப்படியில்லை. 2020 மே 4-ஆம் தேதி கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில், உணவக விளம்பரத்துக்காக ஸ்டார் வார்ஸ் ஸ்டார்ம்ட்ரூப்பர் உடையில் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு வெளியே நின்ற இளம்பெண்ணை, போலீசார் துப்பாக்கியை நீட்டித் தரையில் படுக்கவைத்தார்கள். அவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. உலகத்துக்கே தெரிந்த வெள்ளைக் கவசம் அது. அப்படியும் நடந்தது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏர்சாஃப்ட் துப்பாக்கி (பிளாஸ்டிக் குண்டு சுடும், நிஜம்போன்ற பொம்மை) வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவன் போலீஸ் சுட்டு இறந்தான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அந்தத் துப்பாக்கியில் இல்லை.

ஆகவே நிஜம்போலத் தெரியும் ஏர்சாஃப்ட் வேண்டவே வேண்டாம். சான் டியேகோவில் போலித் துப்பாக்கியின் குழல்வாய் பளிச்சென்ற மூடியால் அடைத்திருக்க வேண்டும். அந்த மூடியைப் படத்துக்காகக் கூடக் கழற்றக் கூடாது. பிரிட்டனில் போலித் துப்பாக்கியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதே 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி குற்றம். தேவை என்றால் விண்வெளிக் கதைகளில் வருவது போல, நீலம் பச்சை என்று பொம்மை நிறத்தில் ஃபோமில் செய்யுங்கள். அரங்கத்துக்குள் நுழையும் வரை மூடிய பையில் இருக்கட்டும், வெளியே வரும்போதும் அப்படியே. இருட்டிய பிறகு வெளியே வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

## யாருக்கு எது

முதல் முறை போகிறவர், குழந்தையோடு போகிறவர், ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்: ஆயுதமே இல்லாத கதாபாத்திரம், இல்லாவிட்டால் சின்ன ஃபோம் துண்டு. கை சும்மா இருந்தால்தான் குழந்தையைப் பிடிக்கலாம், சாப்பிடலாம், புத்தகம் புரட்டலாம்.

போட்டியில் கலந்துகொள்பவர்: ஃபோம் அலகும் 3டி பிரிண்ட் கைப்பிடியும். வேலைப்பாடு நடுவர் கண்ணுக்குத் தெரியும், சோதனையிலும் நிற்காது. விமானத்தில் போக வேண்டியிருந்தால் நடுவில் கழற்றி மாட்டும்படி இரண்டு துண்டாகச் செய்து செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

வேலைக்காக நிஜமாகவே கத்தி தேவைப்படுபவர், அதாவது கடை போடுபவர், அரங்கம் அமைப்பவர்: அட்டைப்பெட்டி வெட்டும் கட்டரைக் கடையிலேயே பூட்டி வையுங்கள். கடையைக் காட்டி அதன் தேவையை விளக்கலாம். அதே கட்டர் பாக்கெட்டில் இருந்து, நீங்கள் சாப்பாட்டு வரிசையில் நின்றால் விளக்குவது கடினம்.

எதைத் தேர்ந்தாலும், டிக்கெட் எடுத்ததும் அந்த ஆண்டுக்கான விதிப் பக்கத்தைப் படியுங்கள். போன ஆண்டு விட்டார்கள் என்பது கணக்கில்லை. சந்தேகம் இருந்தால் அமைப்பாளருக்கு எழுதுங்கள்: நீளம், எந்தப் பொருளில் செய்தது, உள்ளே தண்டு என்ன, இரண்டு படம். பதில் வந்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டியும் வாசலில் மறுத்தால் அங்கே நின்று சண்டை போடாமல், அன்று வாளில்லாமல் உள்ளே போவதற்கு வழி இருக்கட்டும்: காரில் வைக்கலாம், பக்கத்தில் தங்கியிருக்கும் நண்பர் அறையில் வைக்கலாம். இந்த ஏற்பாட்டை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள்.